யூடியூப் பார்த்துப் படகு எஞ்சின் பழகலாமா?

2005-ல் யூடியூப் தொடங்கியது. இன்று படகின் டீசல் எஞ்சினைப் பிரிக்கக்கூட வீடியோக்கள் கிடைக்கின்றன. எந்தப் பாகத்துக்குப் பிறகு எது என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நல்ல வசதிதான்.

ஆனால் வீடியோவில் நட்டு ஒரே திருகில் கழன்றுவிடுகிறது! பழவேற்காடு ஏரியின் உப்புக்காற்றில் துருப்பிடித்த நட்டு அப்படி வராது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லத் தட்ட வேண்டும். ஸ்பேனரை எங்கே நிறுத்துவது என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். போல்ட் முறிந்துவிட்டால் நம் கம்ப்யூட்டரைப் போல கன்ட்ரோல் இசட் அடிக்க முடியாது.

டீசல் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தி, எஞ்சினைச் சுற்றி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதை வீடியோவில் பார்த்தவர் டீசல் பீறிடும் இடத்தில் விரலை வைத்தால்? உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஜாக்கிரதை! பக்கத்தில் மெக்கானிக் இருந்தால் கையைத் தட்டிவிடுவார்.

முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் வீடியோ தேட நேரம் ஏது? எனவே என் ஓட்டு மெக்கானிக்குக்கே. வீடியோவைப் பார்த்துவிட்டு, அவர் அருகில் நின்று சில மாதங்கள் ஸ்பேனர் எடுத்துக் கொடுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது உதவும்.