வீட்டுக்கு அனுப்பினால் போதுமா?

மாரடைப்பு என்றாலே ஆள் பிழைப்பது அரிது என்று ஊரே முடிவு கட்டிய காலம் மலையேறிவிட்டது. 2008-இல் தமிழகத்துக்கு வந்த 108 ஆம்புலன்ஸ், ஏழைக்கும் ஸ்டென்ட் வைக்க வழிசெய்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் 2023-ஆம் ஆண்டின் 'இதயம் காப்போம்' திட்டம் என்று அரசு பாராட்டத்தக்க வகையில் செயல்பட்டிருக்கிறது. ஆனால், நோயாளியை உள்ளே கொண்டுவருவதில் காட்டும் அக்கறையை வெளியே அனுப்புவதில் காட்டுகிறோமா?

அடைப்பை உடனே நீக்கி ஸ்டென்ட் வைத்தவர்களில் சிக்கல் இல்லாதவர்களை இரண்டு மூன்று நாள்களில் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது உலகம் ஏற்ற நடைமுறை. அதில் தவறில்லை. இசிஜியும் எக்கோவும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால் ஆளும் தயார் என்று எண்ணுவதுதான் தவறு. உடல் தேறியிருக்கிறதா, செய்ய வேண்டியது தெரியுமா, சமாளிக்கும் தெம்பு இருக்கிறதா, வீட்டில் துணை உண்டா என்ற நான்கையும் நோயாளியிடமே கேட்டறியும் அளவுகோலை அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் மரியான் வைஸ் 2006-லேயே வெளியிட்டார். நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

டிஸ்சார்ஜ் நாளில் நடப்பது என்ன? அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும். மகன் காப்பீட்டு மேசையில் வரிசையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மரியை நீட்டி, "காலையில இது, நைட்டு இது, உப்பைக் குறைங்க" என்று ஸ்டாஃப் நர்ஸ் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். "புரிஞ்சுதா ஐயா?" என்றால் "சரிங்கம்மா" என்று தலையாட்டாதவர் யார்? "மறுபடியும் நெஞ்சு வலிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பார்த்தால்தான், "கேஸா இருக்கும், ஒரு சோடா குடிச்சுப் பார்ப்பேன்" என்ற பதில் வெளியே வரும். அப்படிச் சொல்பவரை அனுப்பிவைப்பது ஆபத்து.

ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் இருவகை மாத்திரைகளைப் பொதுவாக ஓராண்டு விடாமல் சாப்பிட வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று தாமாகவே பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து உயிருக்கே உலை வைக்கும். அரசு மருந்தகத்தில் ஒரு பெயர், வெளிக்கடையில் வேறு பெயர் என்பதால் ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்கும் அபாயமும் உண்டு.

மருந்தோடு முடிவதில்லை. மாரடைப்புக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரை மனச்சோர்வு பீடிக்கிறது. ஆட்டோ ஓட்டலாமா, மூட்டை தூக்கலாமா, தாம்பத்தியத்துக்குத் தடை உண்டா? கேட்கக் கூச்சம், சொல்லவும் ஆளில்லை. தினக்கூலியை நம்பியிருப்பவரிடம் 'ஓய்வெடுங்கள்' என்று மட்டும் சொல்வது அறிவுரையே ஆகாது. எப்போது, எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்ல வேண்டும்.

'இருக்கும் கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று மருத்துவமனைகள் கேட்கலாம். செவிலியர் பற்றாக்குறை உண்மைதான். ஆனால், நாம் கேட்பது கூடுதல் நாள்களை அல்ல, கால் மணி நேரத்தை. அதே நோயாளி நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல. டிஸ்சார்ஜுக்குப் பிறகும் எளிய வழியில் உதவ முடியும். மாரடைப்புக்கு ஆளானவர்களுக்கு யோகா வழியில் மறுவாழ்வுப் பயிற்சி தந்து, இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,000 பேரிடம் நடந்த 'யோகா-கேர்' ஆய்வின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. மரணத்தையும் மறு மாரடைப்பையும் அந்தப் பயிற்சி குறைக்கிறது என்று உறுதிப்படவில்லை. ஆனால், பயிற்சி பெற்றவர்கள் பழைய வாழ்க்கைக்குத் திரும்புவதில் முன்னேற்றம் காட்டினார்கள். இதுபோன்ற மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

மருந்து விவரம் தமிழில் தரப்பட வேண்டும். வீட்டில் கவனித்துக்கொள்ளும் மனைவியோ மகளோ உடனிருக்க, எந்த மாத்திரை எதற்கு, வலி வந்தால் எப்போது 108-ஐ அழைப்பது என்பதை நோயாளி தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்துக்குள் தொலைபேசியில் நலம் விசாரிக்க வேண்டும். 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களின் கைக்கு, டிஸ்சார்ஜ் ஆன இதய நோயாளிகளின் பட்டியலும் போய்ச்சேர வேண்டும்.

இவற்றை மருத்துவர்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனைகளுக்கும், காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறும் தனியார் மருத்துவமனைகளுக்கும் சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். நோயாளி சரியான பதில் சொல்லும்வரை டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்து விழக் கூடாது.