ஓர் எழுத்து மாறினால்...

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது கவனித்திருப்பீர்கள். 'டெசர்ட்' என்று எழுதுகையில் ஒரு 'எஸ்' போட்டால் பாலைவனம். இரண்டு 'எஸ்' போட்டால் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடும் இனிப்பு! பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதினால் ஒரு மார்க்குதான் போகும். வீட்டு மருந்து அலமாரியில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தால் உடம்புக்கே வினை. அதனால் இந்த முறை, பார்வைக்கு ஒரே ஜாடையாக இருக்கும் சில வார்த்தைகளைப் பார்ப்போமா, சகோதரிகளே?

ஹைப்பர் - ஹைப்போ

'ஹைப்பர்' என்றால் அதிகம். 'ஹைப்போ' என்றால் குறைவு. ஹைப்பர்டென்ஷன், ரத்த அழுத்தம் ஏறியிருப்பது, ஹைப்போடென்ஷன், இறங்கியிருப்பது. தைராய்டிலும் அப்படித்தான். ஹைப்போ என்றால் அசதி, உடம்பு பெருத்தல், குளிர் தாங்காமை இருக்கலாம். ஹைப்பர் என்றால் உடம்பு இளைக்கும், நெஞ்சு படபடக்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். அடுத்த வீட்டு அம்மாவுக்கும் 'தைராய்டு'தானே என்று அவங்க மாத்திரையை வாங்கிப் போட்டுக் கொள்ளவே கூடாது!

சர்க்கரை வியாதியில் இது இன்னும் முக்கியம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பசி எடுத்தால் அது 'ஹைப்போ'வாக இருக்கலாம். மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று அர்த்தம். மெஷின் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 'சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையா?' என்று தயங்கக் கூடாது. 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஞாபகம் வைக்க ஒரு வழி: ஹைப்'போ' என்றால் குறைஞ்சு'போ'ச்சு!

டீஸ்பூன் - டேபிள்ஸ்பூன்

சுருக்கமாக டி.எஸ்.பி. என்று போட்டிருந்தால் டீஸ்பூன், 5 மில்லி. நடுவில் ஒரு 'பி' சேர்ந்து டி.பி.எஸ்.பி. என்றிருந்தால் டேபிள்ஸ்பூன், 15 மில்லி. சாம்பாரில் என்றால் சமாளித்து விடலாம். குழந்தையின் இருமல் மருந்தில் அது மூன்று மடங்காச்சே! சமையலறைக் கரண்டியை எடுக்காமல், மருந்தோடு வரும் அளவு மூடியிலேயே ஊற்றுங்கள்.

ஓரல் - ஆரல்

'ஓ'வில் தொடங்கும் ஓரல், வாய் வழியாகக் கொடுப்பது. 'ஏ, யூ' என்று தொடங்கும் ஆரல், காதுக்கு உரியது. சொட்டு மருந்துப் பாட்டில்களில் 'ஆப்தால்மிக்' என்றிருந்தால் கண்ணுக்கு, 'ஓட்டிக்' என்றிருந்தால் காதுக்கு. காது மருந்தைக் கண்ணில் விட்டால் எரிச்சலும் புண்ணும் வரும்.

இன்ஃப்ளேமபிள்

டைரெக்ட், இன்டைரெக்ட் மாதிரி, முன்னால் 'இன்' வந்தாலே 'இல்லை' என்று நினைக்கத் தோன்றும். இங்கே அப்படியில்லை. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுமே சீக்கிரம் தீப்பற்றும் என்றுதான் சொல்கின்றன. கொசு ஸ்பிரே, நகப்பூச்சு நீக்கும் திரவம் எல்லாவற்றையும் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

இந்தக் குழப்பம் படித்தவர்களையும் விடுவதில்லை. அமெரிக்காவில் வயிற்று அமிலத்துக்கான 'லோசெக்' மருந்தும், நீர் பிரிவதற்கான 'லாசிக்ஸ்' மருந்தும் பெயர் ஒற்றுமையால் மாறிப் போனதால், 1990-ல் லோசெக்கின் பெயரையே அங்கே 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள்.

ஆகவே, மருந்து வாங்கியதும் கடையிலேயே நின்று டாக்டர் சீட்டையும் அட்டையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். புரியாவிட்டால் கேட்க வெட்கப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு சீட்டில் 'காதுக்கு', 'பாப்பா இருமலுக்கு, 5 மில்லி' என்று தமிழில் எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள். இங்கிலீஷ் தெரியாத பாட்டிகூட, நீங்கள் வெளியே போயிருக்கும்போது தைரியமாக மருந்து கொடுப்பார்.