ஓய்ந்த குதிரைப் பந்தயம்

சிங்கப்பூர்த் தங்கக் கோப்பைப் பந்தயம் முடிவுற்றது. 1924-ம் வருஷத்தில் தொடங்கிய அப்பந்தயம், 2024 அக்டோபர் 5-ம் தேதி கிராஞ்சி மைதானத்தில் நூறாவது முறையாக ஓடி, அத்துடன் நின்றது. கோப்பை மட்டுமன்று, அத்தீவின் குதிரைப் பந்தயமே அன்றோடு மறைந்தது. இதற்காகக் கண்ணீர் வடிப்போரும் உளர். நாம் வடிக்கவில்லை.

1842-ல் வெள்ளை வர்த்தகர்கள் தங்கள் பொழுதுபோக்கிற்காகக் கிளப் அமைத்தார்கள். மறு வருஷம் பாரர் பார்க்கில் 150 வெள்ளி பரிசுக்கு முதற் பந்தயம் நடந்தது. ஆள வந்தவர்கள் பந்தயம் விட, ஆளப்பட்டவர்கள் குதிரை தேய்த்தார்கள். 1933-ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது. பாரர் பார்க் பொது மைதானமாயிற்று. சரித்திரத்தின் விந்தை பாரீர்! 1942 பிப்ரவரி 17-ம் தேதி, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் அதே மைதானத்தில்தான் திரட்டப்பட்டனர். அங்கேதான் மோகன்சிங் அவர்களை விடுதலைப் போருக்கு அழைத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் வித்து விழுந்தது துரைமார்களின் பழைய பந்தயத் தரையிலேயே. ஒரு நிலம் யாருக்குப் பயன்படுகிறது என்பதே அதன் பெருமையை நிர்ணயிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் உண்மையை மறைப்பதற்கில்லை. சூதின்மீதுள்ள வெறுப்பினால் சிங்கப்பூர் அரசாங்கத்தார் பந்தயத்தை நிறுத்தினாரல்லர். பந்தயம் பார்க்க வருவோர் தொகை குறைந்தது. நிலத்தின் தேவை பெருகிற்று. சுமார் 120 ஹெக்டேர் நிலத்தை வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் பயன்படுத்தப் போவதாக 2023 ஜூனில் அறிவித்தனர். 2010-ல் அவர்கள் அனுமதியுடன் திறந்த இரு சூதாட்ட மாளிகைகளோ மூடப்படவில்லை. குதிரை போயிற்று, சூது போகவில்லை. ஆகவே இதை ஒழுக்கத்தின் வெற்றி என்று கொண்டாடுவது பேதைமை.

ஆனால் நிலத்தின் நியாயம் வேறு. சிலர் வாரந்தோறும் பணம் வைத்தாடிய இடத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்வது மேல் என்பதில் ஐயமில்லை. இரண்டு காரியங்களை மட்டும் வற்புறுத்துகிறோம். அங்கே எழும் வீடுகள் சாமானியர்களுக்கு எட்டும் விலையில் இருத்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து லாயங்களில் உழைத்துப் பிழைப்பிழந்த தொழிலாளரை, ஓடி முடித்த குதிரைகளைப்போல் மறந்துவிடலாகாது. இவ்விரண்டும் நிறைவேறினாலன்றி, பந்தயம் ஓய்ந்ததனால் ஏழைக்கு வந்த லாபம் யாதொன்றுமில்லை.