பேரனும் பேரனும்

ஆண்டுதோறும் ஒக்டோபர் முதலாந் திகதி நமது நாட்டிலே இரண்டு விழாக்கள் ஒருங்கே வருகின்றன. ஒன்று சிறுவர் தினம். மற்றையது முதியோர் தினம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990 ஆம் ஆண்டிலே நிறைவேற்றிய தீர்மானத்தின்படி அந்நாள் உலக முதியோர் நாளாயிற்று. இலங்கையிற் சிறுவர் தினமும் அதே நாளிற் கொண்டாடப்படுகின்றது. காலையிலே பாடசாலை முன்றிலில் இனிப்பு வழங்கி விளையாட்டு நடத்துவர். மாலையிலே சனசமூக நிலையத்தில் நாலைந்து முதியோருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு பொதியுங் கொடுத்து, நிழற்படம் எடுத்து அனுப்பிவைப்பர். சிறுவர் விழாவுக்கு முதியோர் செல்வதில்லை. முதியோர் விழாவுக்கு வருஞ் சிறுவரோ வரவேற்பு நடனம் ஆடியதுமே வீடு திரும்பிவிடுவர். நாட்காட்டியிலே ஒன்றாய் நிற்பவை நம் ஊரிலே இரண்டாய் நிற்கின்றன. இவ்விரண்டும் ஒரே விழாவாதல் வேண்டும். அதுவும் மண்டபத்தில் அன்று, வீட்டில் ஆதல் வேண்டும். இதுவே யான் இன்று சொல்லப் புகுந்தது.

இதற்கு நமது மொழியே சான்று பகர்கின்றது. 'பேரன்' என்னுஞ் சொல்லைத் தமிழ்நாட்டார் மகனின் மகனுக்கும் மகளின் மகனுக்கும் வழங்குவர். யாழ்ப்பாணத்திலே ஒரு முதியவர் வழியிற் கண்ட சிறுவனை நோக்கி, "தம்பி, உம்முடைய பேரன் ஆர்?" என்று வினவினால், அவர் கேட்பது அச்சிறுவனுடைய பாட்டனாரையே ஆகும். பேர்த்தி என்பதும் அவ்வாறே. இளையோரைப் பேரப்பிள்ளைகள் என்போம். வெளியூர் நண்பர் சிலர் இதனைக் கேட்டு, "உங்கள் ஊரில் பாட்டனும் பேரன், பேரனும் பேரனோ?" என்று நகைப்பதுண்டு. நகைத்தற்கு இதில் யாதுமில்லை. பெயரன் என்பதே பேரன் என மருவிற்று. பாட்டனின் பெயரை மகனுக்கு இடுதல் தமிழர்தம் பழைய வழக்கம். பெயரைக் கொடுத்தவன் ஒரு பெயரன். பெற்றவனும் ஒரு பெயரன். நடுவே நிற்கும் தந்தை, ஒருவரிடம் வாங்கி மற்றவரிடம் சேர்க்கும் தூதனே யாவன்.

இக்காலத்திலே பிள்ளைகளுக்கு எப்பெயரை இடுவது என்பது பெற்றோர் விருப்பம். அதுபற்றி யான் வழக்காட வரவில்லை. பெயரோடு கூடிச் சென்ற பிற செல்வங்கள் இன்று சேருகின்றனவா என்பதே என் வினா. இதற்கு விடை காண, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பேரனோ பேர்த்தியோ தம் வீட்டில் ஒரு நாளைக் கழிக்கும் முறையைக் கவனித்தாற் போதும்.

ஒரு வகையினர் ஓய்வு என்பதையே அறியாதவர். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்வர். பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுசென்று விடுபவர், சந்தைக்குப் போய் மரக்கறி வாங்குபவர், மின்சாரக் கட்டணம் செலுத்துபவர், மாலையிலே ரியூசன் வாசலிற் காத்து நிற்பவர் எல்லாம் அந்த முதியவரே. பேர்த்தியார் அடுக்களையிலே நிற்பார். முப்பது ஆண்டுகள் வகுப்பறையிலே நின்ற கால்கள் அறுபதுக்குப் பின்னர் வீதியிலே நிற்கின்றன. "பொழுது போகின்றது தானே" என்று வீட்டார் சொல்லுவர். பொழுது போகின்றது என்பது மெய். கூடவே உடலும் போகின்றது.

மற்றை வகையினர் யாதொரு வேலையுஞ் செய்ய விடப்படாதவர். வாளியைத் தூக்கினால், "அப்பா, உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்? சும்மா இருங்கோ" என்பர். காணி வழக்கைப் பற்றி ஒரு சொற் சொன்னால், "அது அந்தக் காலம், இப்ப உங்களுக்கு விளங்காது, சும்மா இருங்கோ" என்பர். சும்மா இருத்தல் என்பது நமது ஞானியர் தவஞ்செய்து எய்திய பெருநிலை. அதனை நாம் சாய்மனைக் கதிரையோடு சேர்த்து முதியோருக்கு இலவசமாக வழங்கிவிட்டோம்! இச்சொல் அன்பினாலே பிறப்பதும் உண்டு என்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும், கேட்பவர் நெஞ்சிலே அது 'நீர் இனி வேண்டப்படுபவர் அல்லர்' என்றே விழுகின்றது.

வேலையெல்லாம் சுமத்துதலும் மரியாதை அன்று. வேலையே இல்லையெனக் கதிரையில் இருத்துதலும் மரியாதை அன்று. இரண்டிலுங் குறைவது ஒன்றே. அவரிடத்து எவரும் ஒன்றுங் கேட்பதில்லை. ஏவல் உண்டு, விலக்கல் உண்டு, வினா இல்லை.

என் இல்லத்திலே நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் பொருந்தும். என் தந்தையார் எண்பத்து நான்கு வயதினர். கிராமப் பாடசாலைகளிலே கணிதங் கற்பித்து ஓய்வுபெற்றவர். விடியுமுன் எழுந்து முற்றங் கூட்டுவார்; செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்துச் சுவாமியறையிலே வைப்பார்; பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்துவார். பத்திரிகை வந்ததும் மரண அறிவித்தற் பக்கத்தையே முதலிற் பிரிப்பார். நண்பருள் எவரேனும் தம்மை முந்திக்கொண்டனரோ என்று பார்ப்பவர்போல ஒவ்வொரு பெயராகப் படிப்பார். பின்னர் விறாந்தையும் கதிரையும் உறக்கமும் விழிப்புமாக நாள் நீளும். மாலையிலே படலையடியில் நிற்பார். பள்ளிவிட்டு வரும் பிள்ளை, "அப்பப்பா" என்று ஒரு சொற் சொல்லி, உடைமாற்றி, அடுத்த வகுப்புக்கு ஓடிவிடுவான்.

ஏழாந் தரத்திற் பயிலும் என் இளைய மகன் ஒருநாள் ஒரு கதையிலே 'துலா' என்னுஞ் சொல்லைக் கண்டு அகராதியைப் புரட்டினான். நீர் இறைக்கும் ஏற்றமரம் என்று பொருள் கூறப்பட்டிருந்தது. அவ்வளவையும் எழுதிக்கொண்டு கொப்பியை மூடப்போனவனை விறாந்தையிலிருந்து ஒரு குரல் தடுத்தது: "தம்பி, இங்கை வா. துலா எண்டால் என்னெண்டு நான் சொல்லுறன்." துலாவைத் தாங்கும் ஆடுகால், அதன் நுனியிலே தொங்கும் துலாக்கொடி, கொடியிலே கட்டிய ஓலைப்பட்டை என ஒவ்வோர் உறுப்பாகத் தந்தையார் கூறினார். மேலே துலாவின்மீது முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பவர்கள், கீழே பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிலே கவிழ்ப்பவர், அப்பால் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் என அவர் ஒரு தோட்டத்தையே விறாந்தையில் எழுப்பிவிட்டார். "மேல நடக்கிற ஆக்கள் விழமாட்டினமோ, அப்பப்பா?" என்று பையன் கேட்டான். "காலிலை கண் இருக்கவேணும்" என்றார் தந்தையார்.

நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா போயிற்று. வியர்வை சிந்திய உழவருக்கு அது நன்மையே; யான் துலாவை மீண்டும் நாட்டுக எனக் கூறவில்லை. ஆனால் துலாவோடு கூடி வாழ்ந்த சொற்கள் இன்று எங்கே இருக்கின்றன? அகராதியிலே அவற்றின் எலும்பு இருக்கின்றது. உயிரோ அதனை மிதித்தவர்களின் நாவிலே மட்டும் இருக்கின்றது. அவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டனர்.

மறுநாள் என் மகன் தானாகவே சென்று, 'பரப்பு' என்பது எவ்வளவு நிலம் என்று கேட்டான். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று கூறியதோடு அமையாது, தந்தையார் கோலூன்றி எழுந்து, காணியின் ஓர் எல்லையை நடந்து அளந்து காட்டினார். பழைய உறுதிகளிலே கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் ஏன் எழுதப்பட்டன என்பதையும் விளக்கினார். நீர் அரிதான குடாநாட்டிலே அயலார் பகையின்றி வாழ வகுத்த நீதி அது. இதனை அவன் எப்பாடநூலிலும் படித்திலன். இப்பொழுது தந்தையார் பழைய கொப்பியொன்றிலே நாளைக்குச் சொல்ல வேண்டியவற்றைப் பென்சிலாற் குறித்து வைக்கின்றார். இரவு மருந்தை நாம் நினைவூட்டாமலே உட்கொள்ளுகின்றார். நாளை ஒருவன் வினவ வருவான் என்பது அவருக்குத் தெரியும்.

இஃது ஒரு வீட்டின் காரியம் மட்டும் அன்று. நமது நாட்டு மக்கள் தொகையிலே அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் 1981 ஆம் ஆண்டிலே நூற்றுக்கு 6.6 பேராயிருந்தனர், 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே 12.4 பேராயினர். தமிழர் வாழும் பகுதிகளிலே இன்னொரு துயரமும் உண்டு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, ஐந்தறை வீட்டிலே இருவரோ ஒருவரோ விளக்கேற்றி வாழும் முதியோர் பலர். அவர்களுக்குப் பேரப்பிள்ளை என்பது தொலைபேசியிலே தோன்றும் ஒரு முகம். இரண்டு தமிழ்ச் சொற்களுக்குப் பின்னர் அம்முகம் வேறு மொழிக்குத் திரும்பிவிடும்.

அரசு தன் கடமையைச் சட்டமாக்கியிருக்கின்றது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என விதிக்கின்றது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையிலே முறையிட்டுப் பணம் பெறவும் வழி செய்கின்றது. அது வேண்டிய சட்டமே. ஆயினும், பணங் கொடு என்று கட்டளையிட வல்ல சட்டம், காது கொடு என்று கட்டளையிட மாட்டாது. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுக்கு ஒரு முறை கிராம அலுவலர் முன்னிலையில் உறுதிப்படுத்திச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் உண்டு. அரசுக்கு ஆண்டுக்கொரு முறை போதும். வீட்டார் அச்சான்றிதழை நாள்தோறும் வழங்குதல் வேண்டும். அதற்கு முத்திரை வேண்டா, ஒரு வினாப் போதும்.

புறநானூற்றின் 243 ஆம் பாட்டைக் கற்றோர் அறிவர். முதுமையுற்ற ஒருவர், இளமையிலே தாம் கரைமரத்தில் ஏறி மடுவிலே குதித்து அடிமணலை எடுத்துக் காட்டிய நாளை நினைந்து, இருமலுக்கு இடையே சில சொற்கள் பேசும் தம் இன்றைய நிலைக்கு இரங்குகின்றார். அப்புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைத்திலது. அவர் பாட்டிலே ஊன்றிய தடியே அவருக்குப் பெயராயிற்று. தொடித்தலை விழுத்தண்டினார் என்கின்றோம். பெயரே மறைந்துபோன பின்னரும் அவர் சொற்கள் நம்மை வந்தடைந்தன. எவரோ ஒருவர் அச்சில சொற்களைச் செவிமடுத்து, மனத்திற் கொண்டு, பிறருக்குச் சொன்னமையால் அன்றோ இது நிகழ்ந்தது?

முதியோருக்கும் ஒன்று கூறல் கடன். யானும் சில ஆண்டுகளிலே அவ்வரிசையிற் சேர இருப்பவன். ஆதலால் இதனைச் சொல்ல எனக்கும் உரிமை உண்டு. திருக்குறளிலே 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரம் அறிவாலும் ஒழுக்கத்தாலும் மூத்தவரையே பெரியார் என்று கொள்ளுகின்றது. நரை மட்டும் ஒருவரைப் பெரியராக்காது. பிள்ளை கேட்பதற்கு விடை கூறுதல் வேறு. கேளாததற்கெல்லாம் அறிவுரை பொழிதல் வேறு. "எங்கள் காலத்திலே" என்று தொடங்கும் வாக்கியம் இக்காலத்தைப் பழித்து முடியுமாயின், அடுத்த நாள் அப்பிள்ளை அருகே வராது. பேரப்பிள்ளையிடமிருந்து கற்கவும் பேரர் ஆயத்தமாதல் வேண்டும். கைத்தொலைபேசியை இயக்கும் வழியைப் பிள்ளை கற்பிக்கட்டும். காவோலைக்கும் சார்வோலைக்கும் உள்ள வேற்றுமையைப் பேரனார் கற்பிக்கட்டும். கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடைபெற்றால் உறவு நிலைக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஒக்டோபர் முதலாந் திகதிக்கு முன்னர், உங்கள் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும் தம் பேரனிடமோ பேர்த்தியிடமோ மூன்று வினாக்கள் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். நீங்கள் செய்த தொழிலிலே வழங்கிய, இன்று எவருஞ் சொல்லாத சொற்கள் எவை? என் வயதிலே உங்கள் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது? மறக்கவியலாத ஒரு பயணம் எது? மூன்றாவது வினாவுக்கு வலிகாமத்துப் பிள்ளைகள் பலர், 1995 ஒக்டோபர் 30 இலே ஊரையே விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்த இரவைப் பற்றி எழுதி வருதல் கூடும். மலையகத்துப் பிள்ளைகளும் மட்டக்களப்புப் பிள்ளைகளும் வேறு பயணங்களைக் கொண்டு வருவர். போரினாலும் பிரிவினாலும் பேரரை இழந்த பிள்ளைகள் அயல்வீட்டு முதியவரிடஞ் செல்லட்டும். அங்கும் ஒருவர் படலையைப் பார்த்தபடி இருப்பார். கடல் கடந்து வாழ்வோர் தொலைபேசியிலே கேட்கட்டும். பிழை திருத்தும் சிவப்பு மையை அன்று ஒருநாள் விலக்கி வைத்து, முதியோர் சொல்லியவாறே எழுத விடுங்கள்.

மாணவரே, இதனைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு விறாந்தைக்குச் செல்லுங்கள். அவர் உறங்கினாலும் எழுப்பலாம்; கோபிக்கமாட்டார்.