பேரேடு பேரேடாகவே இருக்கட்டும்

தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை என் பழைய மடிக்கணினியை நோண்டிவிட்டு, "என்ன மாமா, ஆயிரத்துச் சொச்சம் பேக்கேஜ் விவரத்தையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல வெச்சிருக்கான்! டேட்டாபேஸ்ல போடக்கூடாதா?" என்று சிரித்தார். மாப்பிள்ளை ஆயிற்றே, வாயை மூடிக்கொண்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன்.

அது சின்னவன் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் தயாரிப்பு, அடிப்படை டெபியன். அதில் ஏற்றிய மென்பொருள் ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜ். எது இருக்கிறது, எந்தப் பதிப்பு, எது எதை நம்பி ஓடுகிறது என்ற கணக்கு முழுக்க 'ஸ்டேட்டஸ்' என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. பேக்கேஜுக்கு ஒரு பத்தி, நடுவே ஒரு வெற்று வரி. அடங்கலில் சர்வே எண் வாரியாக எழுதியிருப்பதுபோல, யாரும் படித்துக்கொள்ளலாம்.

2018-ல் கஜா புயலுக்குப் பிறகு கரண்ட் வந்து வந்து போன நாட்கள். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பாதியில் அணைந்தது. மறுபடி போட்டால் எதையும் ஏற்றவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை. கோப்பைத் திறந்தேன். நடுவில் ஓரிடத்தில் வெறும் குப்பை. பக்கத்திலேயே 'ஸ்டேட்டஸ்-ஓல்டு' என்று முந்தைய நகல். அதை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன், ஓடியது. நான் கணினி படித்தவன் இல்லை, கணக்கு எழுதியவன்.

ரெட் ஹேட் வகை லினக்ஸ்களில் இதே கணக்கை ஆர்பிஎம் பல வருஷம் பெர்க்லி டிபியில் வைத்திருந்தது. கெட்டுப்போனால் திரும்பக் கட்டுவதற்கென்றே தனிக் கட்டளை. 2020-ல் ஃபெடோரா 33 எஸ்கியூலைட்டுக்கு மாறியது. அது கெட்டியான சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படிக்க அதற்கான மென்பொருள் வேண்டுமே!

நான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கணக்கை ஒரு கம்பெனியின் மென்பொருளுக்கு மாற்றினார்கள். கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. கோப்பு இருக்கிறது, திறக்க வழியில்லை. "நான் கட்டிட்டேன் ஐயா" என்று மழையில் நனைந்து எழுத்தழிந்த ரசீதோடு ஒரு விவசாயி வந்து நின்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அவருடைய அப்பா வாங்கிய கடன், கரையான் ஓரம் அரித்த பேரேட்டில் பைசா சுத்தமாக இருந்தது.

டெக்ஸ்ட் கோப்பு மெதுவாம். ஒவ்வொரு முறையும் முழுக்கப் படிக்கிறது, உண்மைதான். என் மெஷினில் சில நொடி. அதற்குள் ஒரு வெற்றிலை மடிப்பேன்.

பொங்கலுக்குப் புது மடிக்கணினி வாங்கித் தருவதாக மாப்பிள்ளை மகளிடம் சொல்லியிருக்கிறாராம். தரட்டும். டெபியன் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.