புளிப்பற்ற அப்பமும் புளித்த சாதியும்

கோதுமை மாவும் தண்ணீரும், வேறொன்றும் இல்லை! புளிப்பேறாத அந்த மெல்லிய அப்பத்தைத்தான் இலத்தீன் முறைக் கத்தோலிக்கர் நற்கருணை எனப் பெறுகின்றனர். எகிப்தின் அடிமைகள், மாவு புளிக்கும்வரை காத்திராமல் விடுதலை நோக்கி விரைந்ததன் நினைவு அது என்கிறது வேதாகமம். புளிப்பு தீமையின் சின்னம் என்றும், ஓர் அப்பத்தில் பங்குகொள்வோர் ஓருடல் என்றும் கொரிந்தியருக்கு எழுதினார் பவுல்.

அப்பம் ஆண்டவனின் உடலாகும் என்பதை நாம் ஏற்கவில்லை. ஆனால் அதுவல்ல இன்றைய வழக்கு. ஏற்போர் அதன் பொருளையேனும் ஏற்றார்களா?

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தைப் பாருங்கள். கோயில் ஒன்று, பீடம் ஒன்று. மக்களுக்கு மட்டும் இரு பகுதிகள், இடையே சுவர்! ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடார். 1910இல் பாதிரியார் அச்சுவரை இடித்தார். பாராட்டுகிறோம். சுவர் போனதற்காக வழக்காடினரே மேல்சாதி விசுவாசிகள், அவர்கள் உண்டது எந்த அப்பம்?

பழங்கதை என்பீரோ? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் சமத்துவம் கேட்டனர். மோதல் மூண்டது, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். இன்றும் பல ஊர்களில் கல்லறையிலும் சாதிக்கோடு!

திருவொற்றியூர் ஆலைச் சங்கு சாதி கேட்டு ஊதுவதில்லை. சவக்குழி மட்டும் கேட்பானேன்?

பக்தர்களே! மாவின் புளிப்பை நீக்கினீர். மனத்தின் புளிப்பை எப்போது நீக்குவீர்? பிரிவினையோடு கூடி உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று கடிந்தவரும் பவுல்தான். நாம் அல்ல!