தாளம் தப்பியது யார்?



மங்கலம்பேட்டை வீட்டில் என் அக்காவின் நடவுப் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வருகிறேன். அக்காவுக்கு வயது 78. இப்போது விட்டால் பிறகு கிடைக்காது. அடாசிட்டி என்ற இலவச மென்பொருள்தான். முதல் டிராக்கில் அக்கா குரல். அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இரண்டாவது டிராக்கில் நான் ஜால்ரா தட்டுவேன்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஜால்ரா ஒவ்வோர் அடியிலும் பிந்தி விழுந்தது. மார்கழி பஜனையில் பல வருடம் தட்டிய கை. வயதாகிவிட்டது என்று நினைத்து மூன்று நாள் பழகினேன். அப்போதும் அதே கதை. அக்காவே, "போதும் தம்பி, தாளம் வேணாம், சும்மாவே இருக்கட்டும்" என்றது.

சென்னையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் சொன்னார்: "சார், நீங்க தட்டாதீங்க. கம்ப்யூட்டரையே தட்ட விடுங்க."

மென்பொருளிலேயே ஒரு 'டிக் டிக்' டிராக் உண்டாக்கி, ஹெட்போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்து, அதை இரண்டாவது டிராக்கில் பதிவு செய்தேன். இதில் மனிதக் கையே இல்லை. அப்படியும் பிந்தியது!

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் ஒலியைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்துத்தான் வெளியே அனுப்பும், உள்ளே வாங்கும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதைச் சரிசெய்ய 'லேட்டன்சி காம்பென்சேஷன்' என்று ஓர் இடம் உண்டு. அதில் மைனஸ் 130 மில்லிசெகண்ட் என்று இருந்தது. திரையில் அளந்தால் இன்னும் 90 பிந்தியது. மைனஸ் 220 ஆக்கினேன். ஜால்ரா அடியில் உட்கார்ந்துவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பிந்துவது ஒரே அளவாக இருந்தால்தான் இந்த வைத்தியம். போகப் போக இடைவெளி மாறினால், யுஎஸ்பி மைக்கும் ஹெட்போனும் வேறு வேறு கருவிகளின் கடிகாரத்தில் ஓடுகின்றன என்று பொருள். இரண்டையும் ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் செருக வேண்டும்.

என் கருத்து இதுதான். சோதித்துப் பார்க்காமல் ஆளைக் குறை சொல்லக் கூடாது, அந்த ஆள் நாமாகவே இருந்தாலும்.

இதை எழுதும்போது ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் நினைவுக்கு வருகிறான். வாய்ப்பாடு சொல்லும்போது எப்போதும் ஒரு சொல் பின்னால் வருவான். கவனம் இல்லை என்று எத்தனையோ நாள் நிற்க வைத்தேன். காது சரியாகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருந்தாலே போதும். நான் செய்யவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால், தப்பு உன் மேல் இல்லை. என் மேல்தான்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நாளைக்கே வகுப்பில் பிந்தி வரும் குரலைக் கவனியுங்கள்.

அக்காவின் நான்கு பாட்டுகள் தாளத்தோடு தயார். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்